மச்சான் கழுத்தில் தொங்கிய கேமரா

என் நண்பனின் அத்தா துபாயிலிருந்து லீவுக்கு வந்த அன்று எங்கள் தெருவே பேரீச்சம்பழம் தின்றது. எனக்கு மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை. பழப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பை இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு டி.எஸ்.எல்.ஆரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "எப்டி மச்சான் இருக்குது?" என்றான் அவன்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா கொஞ்சம் குண்டா தெரியுற" என்றேன்.

அவன் சிரித்தான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். எதற்கும் சிரித்துவிடுவான்.

ஸ்கூலிலிருந்து காலேஜ் வரைக்கும் ஒரே பெஞ்சு. ஒரே பேப்பரில் அரியர். ரெண்டு பேருக்கும் போட்டோ பைத்தியம். ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி, மணிமுத்தாறு மணல், கோயில் கோபுரத்துப் புறா என்று ஃபோனிலேயே எடுத்துத் தள்ளுவோம். அந்தப் பை வருகிற வரைக்கும் என் படம்தான் அவன் படத்தைவிட நல்லா இருக்கும். இதை நான் மட்டும்தான் சொல்கிறேன் என்றாலும் இது உண்மை.

பை வந்த மறுவாரம் அவன் இன்ஸ்டாவில் ஒரு ஆட்டைப் போட்டான். எங்கள் தெரு முனையில் எப்போதும் நிற்கிற ஆடு. போன மாதம் நானும் எடுத்தேன், அதே இடம், அதே ஆடு. என் படத்தில் ஆட்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி குப்பைத் தொட்டியாகவே இருந்தது. அவன் படத்தில் அது கரைந்து, பச்சையும் மஞ்சளுமாகப் பூத்திருந்தது. ஹார்ட்டு குவிந்தது. நான் மெசேஜ் போட்டால் ரெண்டு நாள் கழித்து 'ம்' என்று பதில் போடுகிற பொண்ணு, அந்த ஆட்டுக்கு மூணு ஹார்ட்டு போட்டிருந்தாள். ஒரு ஆட்டைப் பார்த்துக்கூட எனக்கு வயிறு எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த நேரத்தில்தான் சித்தி பேச்சை எடுத்தாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை செய்கிற ஒரு ஷெட்டு வைத்து நடத்துகிறாள். கொலு பொம்மைதான் முக்கியமான சரக்கு. டிகிரி முடித்துவிட்டு அங்கே நான் பார்த்த வேலை, பொம்மையை வைக்கோலில் சுற்றிப் பெட்டி கட்டுவது. வாட்ஸப்பில் வருகிற ஆர்டருக்குப் பதில் போடுவதும் நான்தான். பி.காம். படித்தவன் வைக்கோல் சுற்றுகிறான் என்று சொந்தக்காரர்கள் யாரும் சொல்லவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். அது போதாதா?

"ஃபோன்ல எடுத்தா பொம்மைக்கெல்லாம் மூஞ்சி மழுங்கிப் போவுதுடா" என்றாள் சித்தி. "போன வருசம் ஒரு அம்மா ஃபோனு போட்டு, உங்க மாப்பிள்ளைக்கு மீச இருக்குதா இல்லையான்னு கேக்குது. ஒரு நல்ல கேமராவா வாங்கு. படம் நல்லா வந்துதுன்னா சீசன் பூரா படம் எடுக்குறது உன் வேல. பொட்டி கட்ட வேற ஆளு போட்டுக்கிறேன்."

"வரலன்னா?"

"வரலன்னா என்னா, உன் சிநேகிதப் புள்ளதான் கேமரா வெச்சிருக்குதே. அதக் கூப்புட்டுக்கிறேன்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நிதானமாக யோசித்திருப்பேன். அந்த ஷெட்டில் எனக்கென்று ஒரு வேலை, நான் எடுத்த படம் என்று சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் கிடைக்கப்போகிறது. அதையும் அவன் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவதா?

கடைவீதியில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. பழைய கேமராவும் விற்பார்கள். கேமரா பற்றித் தெரிந்தவன் கூட வந்தால் நல்லது என்பதால் அவனையே கூட்டிப்போனேன். தெரியும், முட்டாள்தனம்தான்.

ஸ்டூடியோ அண்ணன் கண்ணாடி மேஜை மேல் ரெண்டு கேமராவை வைத்தார். ஒன்று, புதுசாகக் கத்துக்கொள்கிறவர்கள் வாங்குகிற டி.எஸ்.எல்.ஆர். அந்த வரிசையிலேயே அடிமட்ட மாடல், பிடிக்கிற இடத்தில் ரப்பர் லேசாக உரிந்திருந்தது. இன்னொன்று வெள்ளி நிறத்தில் சின்னது, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். ஆன் செய்தால் லென்ஸ் ஆமைத் தலை மாதிரி வெளியே வந்தது. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை.

"இந்தச் சின்னது கடையில நிக்காது தம்பி. காலேஜ் புள்ளைங்க இப்ப இதத்தான் தேடி வராங்க" என்றார் அண்ணன்.

என் நண்பன் சின்னதைக் கையில் எடுத்தான். மேஜையிலிருந்த சிங்கப்பூர் சிங்கத்தலை மீன் பொம்மைக்குக் கிட்டே வைத்து ஒன்று எடுத்தான். பார்த்தான். தலையாட்டினான்.

"மச்சான், உங்க ஷெட்டுல தூசி. இதுல லென்ஸக் கழட்டுற வேலையே இல்ல. கிட்டக்க வெச்சு எடுத்தாலும் முன்னாடி இருக்குறது பின்னாடி இருக்குறது எல்லாம் தெளிவா வுழும். உனக்கு இது போதும்டா."

போதும்.

அவனுக்குக் கழுத்து வளைகிற அளவுக்குப் பெரிசு. எனக்குப் போதும். சட்டைப்பையில் பீடிக்கட்டு மாதிரி போட்டுக்கொண்டு நான் போக வேண்டும், அவன் முன்னால் மாட்டிக்கொண்டு நடப்பான்.

"ஏன், பெருசு நான் வாங்குனா உனக்கு எரியுதா?" என்றேன்.

"எனக்கு ஏன்டா எரியப்போவுது? வேணும்னா என்னுத எடுத்துட்டுப் போயி எடு. நான் வூட்லதான் வெச்சிருக்கேன்."

பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி கெட்டவனாக இருந்தால்தான் வசதி. இவன் அதற்கும் வழி விடவில்லை. நான் அண்ணனைப் பார்த்து, "பெருசையே குடுங்கண்ணே. கழுத்து வாரு கொஞ்சம் அகலமா இருக்குதா?" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போக அவன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகவேண்டிய அவசியமே இல்லை. போனேன். கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போனேன். ஆடு நின்றது. அதையும் ஒன்று எடுத்தேன்.

மறுநாள் ஷெட்டில் நீலத் துணி விரித்து, மாப்பிள்ளை அழைப்பு செட்டை அடுக்கினேன். அந்த வருஷத்துக்கு சித்தி போட்ட புதுச் சரக்கு அது. திறந்த காரில் மாப்பிள்ளை, முன்னால் நாதஸ்வரம், தவில், பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் லைட்டு தூக்குகிறவர், பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள். சூளையிலிருந்து வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, கண்ணாடி மாதிரி மின்னியது. பெயிண்ட் அடிக்கிற அக்காமார்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான் லென்ஸைக் கழற்றி, ஊதி, திரும்ப மாட்டினேன். தேவையே இல்லை. பார்க்க கெத்தாக இருக்கும் என்றுதான்.

கேமராவில் ஒரு எண் இருக்கிறது. அதைக் குறைக்கக் குறைக்கப் பின்னால் இருப்பதெல்லாம் கரையும். ஆட்டுக்குப் பின்னால் கரைந்த குப்பைத் தொட்டி எனக்குள் இன்னும் கரையாமல் இருந்தது. இருப்பதிலேயே குறைந்த எண்ணுக்குக் கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளை மீசையைக் குறி வைத்து எடுத்தேன். படம் அப்படி வந்தது! மீசை முடி முடியாகத் தெரிந்தது.

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"மீச தெரியுது, சந்தோசம். மேளக்காரன் எங்கடா?"

"முன்னாடி நிக்கிறான் சித்தி."

"முன்னாடின்னா, விழுப்புரத்துலயா?"

அக்காமார்கள் சிரித்தார்கள். "பனி மூட்டத்துல கல்யாணம் வெச்சிட்டாங்க போலருக்குதுக்கா" என்றாள் ஒருத்தி.

"அது ஆர்ட்டு சித்தி. எல்லாரும் இப்டித்தான் எடுக்குறாங்க."

"வாங்குறவ மொத்த செட்டுக்கும் காசு குடுக்குறா. மாப்பிள்ள மட்டும் தனியாவா ஊர்வலம் போறான்? எல்லா மூஞ்சியும் தெரியணும். நாளைக்கி மதியத்துக்குள்ள எடுத்துக் குடு. இல்லாட்டி அந்தப் புள்ளைக்கு ஃபோனு போட்டுருவேன்."

மறுநாள் கேமராவில் அந்த எண்ணைக் கூட்டி வைத்தேன். மேளக்காரன் வந்தான், லைட்டுக்காரரும் வந்தார். கூடவே கறுப்புப் புள்ளிகளும் வந்தன. எந்தப் படத்தை எடுத்தாலும் நீலத் துணி மேல் அதே இடத்தில் அதே புள்ளிகள். முந்தின நாள் நான் சீன் போட்டுக் கழற்றினபோது உள்ளே போன தூசி. எண் குறைவாக இருந்தவரை தெரியாமல் கிடந்திருக்கிறது.

இங்கே எங்கள் ஷெட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பளபளப்புக் கலவையில் முக்குவதற்கு முன்னால் பொம்மை மேல் ஒட்டியிருக்கிற தூசியைக் கம்ப்ரஸர் குழாயால் காற்றடித்துத் துரத்துவோம். குழாய் கையில் இருந்தால் மனுஷன் பொம்மையோடு நிறுத்துவானா? தலைமுடிக்குக் காற்று. சட்டைக்குக் காற்று. மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் மூடிக்குக் காற்று. ஃபோன் சார்ஜ் ஏறவில்லை என்றால் ஓட்டைக்குக் காற்று. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒருத்தர் சுற்றி நிற்க இன்னொருத்தர் அடித்துவிடுவார். எங்கள் பேட்டையில் எந்தச் சாமானுக்கு எந்த நோவு வந்தாலும் முதல் வைத்தியம் அதுதான்.

லென்ஸைக் கழற்றினேன். குழாயை உள்ளே காட்டி அழுத்தினேன்.

உள்ளே இருந்த சின்னக் கண்ணாடி ஒரு துள்ளு துள்ளியது. குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீரும் தெறித்தது. களிமண் கலந்த வெள்ளைத் தண்ணீர். லென்ஸை மாட்டிப் பார்த்தேன், எல்லாம் புகையாகத் தெரிந்தது.

"காத்து அடிச்சியா தம்பி?" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா.

"அடிச்சேன்க்கா. சரியாவல."

"ஒரு தபா அடிச்சா ஆவாது. இன்னொரு தபா நல்லா அடி."

அடித்தேன். சத்தியமாக அடித்தேன். அதற்குப் பிறகு பட்டனை அழுத்தினால் கண்ணாடி பாதி தூரம் மேலே போய் அங்கேயே நின்றுகொண்டது. சென்னைக்கு அனுப்பினால்தான் என்ன என்று சொல்ல முடியும் என்று ஃபோனில் ஸ்டூடியோ அண்ணன் சொன்னார். சொல்லிவிட்டு, "கம்ப்ரஸர்லயா அடிச்ச?" என்று இன்னொரு முறை கேட்டார்.

சித்தி வந்து கேமராவை ஒரு முறை பார்த்தாள். ஃபோனை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போறியாப்பா" என்றாள். என்னிடம் அந்தக் குரலில் அவள் பேசினதே இல்லை.

அவன் வண்டியில் வந்து இறங்கினான். அவன் கழுத்தைத்தான் முதலில் பார்த்தேன். எரிவதற்குத் தயாராக நின்றிருந்தேன். ஒன்றும் இல்லை. தோளிலும் பை இல்லை. சட்டைப்பையில் கைவிட்டு வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்தான்.

"டேய், இது அந்தக் கடையில பார்த்தது."

"ஆமா மச்சான். நீ வேணாம்னுட்ட. போயிரும்னு அண்ணன் சொன்னாரு, நான் எடுத்துக்கிட்டேன். பெருச இந்தத் தூசிக்குள்ள கொண்டாந்தா எங்க அத்தா என்னைய உரிச்சிருவாரு."

இத்தனை நாள் பெரிசுக்கு எரிந்த வயிறு, அந்த நிமிஷமே சின்னதுக்கு எரிய ஆரம்பித்தது. அது என் கையில் வந்திருக்கவேண்டிய கேமரா. என் கண் முன்னால் மேஜை மேல் இருந்தது. நான்தான் தள்ளிவிட்டேன் என்பது வேறு விஷயம். பெரிசும் அவனிடம், சின்னதும் அவனிடம். உலகத்தில் வேறு எத்தனை சைஸ் இருக்கிறதோ, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளட்டும்.

அவன் ஒரு பொம்மை அச்சைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கேமராவை வைத்தான். பொம்மைகளுக்கு ரொம்பக் கிட்டே. நிழல் விழுகிற பக்கம் வெளிச்சம் போதவில்லை என்றான்.

"சும்மா நிக்காம அந்தத் தெர்மாகோல் அட்டையப் புடிடா" என்றாள் சித்தி என்னிடம்.

பிடித்தேன்.

"மச்சான், கொஞ்சம் தள்ளு. கார் கதவுல நீ தெரியுற."

தள்ளினேன்.

"இன்னும் கொஞ்சம். மாப்பிள்ளைக்குப் பக்கத்துல ஒரு ஆளு முட்டைக்கண்ண வெச்சிக்கிட்டு நிக்கிறான்."

அக்காமார்கள் மறுபடி சிரித்தார்கள். நான் தள்ளினேன். அவன் குனிந்து பட்டனை அழுத்தப் போன நேரத்தில் எனக்கு என்ன தோன்றியதோ, பழைய இடத்துக்கே வந்து நின்றேன்.

"ஓகேவாடா?" என்றேன்.

தீப்பெட்டி அளவு இருந்த அந்தத் திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஓகே மச்சான்" என்றான்.

சித்தி படத்தைப் பார்த்துக் கையைத் தட்டினாள். "வந்துட்டான்டா மேளக்காரன், விழுப்புரத்துலேர்ந்து!" நாதஸ்வரக்காரர் கன்னத்து உப்பல் வரை தெரிந்தது. சீர்த்தட்டில் இருந்த வாழைப்பழத்தைச் சீப்பு சீப்பாக எண்ணலாம். சீசன் பூராவும் படம் அவன்தான் என்று அங்கேயே முடிவானது. அவன் டீ குடித்துவிட்டு, "போயிட்டு வரேன்க்கா" என்று கிளம்பினான். நான் வைக்கோல் பக்கம் போனேன்.

அந்தப் படத்தைத்தான் எல்லா குரூப்பிலும் போட்டோம். ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. நான் காரைச் சுற்றினேன், மேளக்காரனைச் சுற்றினேன், பெட்டி கட்டினேன். இடையில் எங்கள் ஆட்டை அவன் அந்தச் சின்னக் கேமராவில் எடுத்துப் போட்டான். குப்பைத் தொட்டி அப்படியே தெரிந்தது. அதற்கும் ஹார்ட்டு. அந்த 'ம்' பொண்ணும் போட்டிருந்தாள்.

கொலுவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் சென்னையிலிருந்து ஒரு அம்மா வாய்ஸ் மெசேஜ் போட்டார். "தம்பி, செட்டு பத்திரமா வந்துருச்சு, ரொம்ப அழகா இருக்கு. ஆனா நீங்க போட்ட போட்டோல கார் கதவுல ஒரு ஆள் மாதிரி டிசைன் இருந்துச்சே, எங்களுக்கு வந்த கார்ல அது இல்லையேப்பா?"

சித்தி சூளைப் பக்கம் இருந்தாள். யாரும் பார்க்கவில்லை. "அது சாம்பிளுக்கு மட்டும் போட்டதுங்கம்மா" என்று பதில் போட்டேன்.

அப்புறம் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை கார் கதவில், கையில் வெள்ளை அட்டையோடு, கல்யாணத்துக்குக் கூப்பிடாத சொந்தக்காரன் மாதிரி ஊர்வலத்தையே முறைத்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான். மூக்கு, முழி, வாய்க் கோணல் எல்லாம் அச்சு அசலாக விழுந்திருந்தது. அந்தச் சின்னக் கேமராவைச் சும்மா சொல்லக்கூடாது.