சவுரியப்பன் பார்த்து முடிக்காத வீடியோ

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் குடிதண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடுவது சவுரியப்பனின் வேலை. பெண்டாட்டி லூர்துமேரியை அடக்கம் செய்த மறுநாள் விடியற்காலையிலும் வால்வைத் திறக்கப் போனார். "இன்னிக்காவது வூட்ல இருந்திருக்கலாமுங்க" என்றார்கள் குடத்தோடு நின்ற பெண்கள். ஊருக்குத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்டார். வேண்டும்தான். ஆனால் அவர் அதற்காகப் போகவில்லை. வேறு எங்கே போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அழுகை வரவில்லை, பசி வரவில்லை. தூக்கம் மட்டும் கூப்பிடாமலே வந்தது.

அடக்கத்தன்று கோயில் மணி அடித்தது அவருக்கு ஞாபகம். அப்புறம் வீட்டில் யாரோ காபித் தம்ளரை நீட்டியது ஞாபகம். நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த நடுவில் நடந்ததை முப்பதாம் நாள் பூசையன்று மைத்துனி சாலம்மாள்தான் சொன்னாள், அதுவும் பந்தியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"எங்கக்காவுக்கு ஒரு பிடி மண்ணு போடாம கல்லாட்டம் நின்னீங்களே மாமா. அவ என்ன கொறை வெச்சா ஒங்களுக்கு?"

போட்டேன் என்று சொல்ல அவருக்கு நினைவிருந்தால்தானே? மகன் கதிரவனைக் கேட்கலாம். கேட்டு, அவனும் ஆமாம், நீங்கள் போடவில்லை என்று சொல்லிவிட்டால்? கேட்காமலே விட்டார்.

இன்னொரு வழி இருந்தது. லூர்துமேரியின் தம்பி குவைத்தில் இருக்கிறார். அவர் பார்ப்பதற்காக அடக்கத்தை லைவ் போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் காதுகுத்து முதல் கருமாதி வரை எல்லாம் லைவ்தானே. ஸ்டூடியோ வைத்திருக்கும் மாரப்பனின் சேனலில் அந்த வீடியோ அப்படியே கிடந்தது. அதை டிவியில் பார்ப்பதற்கு, ஓசூரில் வேலை செய்யும் கதிரவன் எப்போதோ வாங்கி டிவிக்குப் பின்னால் செருகிவிட்டுப் போன நெட் குச்சி ஒன்றும் இருந்தது.

மருமகள் சோபனா அடுப்படியில் இருக்கும் மத்தியான நேரத்தில் சவுரியப்பன் வீடியோவைப் போடுவார். அந்தக் குச்சி லேசுப்பட்டதில்லை. திறந்ததுமே சலவை சோப்பை விற்கும். சேனலுக்குள் போனால் பிஸ்கட்டை விற்கும். அதையெல்லாம் தாண்டினால் பெட்டியைக் குழிக்குள் இறக்குவார்கள். பங்குச்சாமி தீர்த்தம் தெளிப்பார். சனங்கள் மண்ணள்ளக் குனிவார்கள். சரியாக அந்த இடத்தில் ஒரு பெண் கழுத்து நிறைய நகையோடு வந்து சிரிப்பாள். சவுரியப்பன் டிவியையே அணைத்துவிடுவார். கொஞ்சம் பொறுத்தால் அவளைத் தள்ளிவிட்டு மேலே பார்க்கலாம். அவர் பொறுத்ததே இல்லை.

"என்னங்க மாமா, அதுக்குள்ள நிறுத்திட்டீங்க?"

"வெளம்பரம் வந்திருச்சும்மா. கல்லறைத் தோட்டத்துலகூட யாவாரம் பண்றானுங்க."

தினம் இதே கேள்வி, இதே பதில். சோபனாவுக்கு மனசு கேட்கவில்லை. மாமனார் அத்தையை நிம்மதியாகப் பார்க்கக்கூட முடியாமல் தவிக்கிறார் என்று புருஷனுக்குப் போன் போட்டாள். ஊருக்கு வந்த கதிரவன் நேராக மாரப்பனிடம் போனான்.

"மாசாமாசம் பணம் கட்டுனா வெளம்பரம் வராதுங்க தம்பி" என்றார் மாரப்பன். "பழைய லேப்டாப் இருந்தா ஒயர் போட்டு டிவியில பாக்கலாம். எதுக்குங்க அந்த வேலையெல்லாம்? பென்டிரைவ்ல ஏத்தித் தர்றேன், டிவி பின்னால குத்துங்க. நெட்டே வேணாம். ஒரு பய குறுக்க வர மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கதிரவன் குச்சியைப் பிடுங்கிவிட்டுப் பென்டிரைவைச் செருகினான். "இனிமே நிம்மதியா பாருங்கப்பா" என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

சோப்பு வரவில்லை. பிஸ்கட் வரவில்லை. பெட்டி இறங்கியது, பங்குச்சாமி தீர்த்தம் தெளித்தார். நகைக்காரி எங்கே என்று சவுரியப்பன் பார்த்தார். இத்தனை நாளும் திட்டித் தீர்த்தவள் இப்போது வந்தால் தேவலை என்று இருந்தது. அப்படி நினைத்தது அவருக்கே வெட்கமாகவும் இருந்தது. மகனை வைத்துக்கொண்டு டிவியை அணைக்கவும் முடியவில்லை.

திரையில் அவர் குனிந்து மண்ணை அள்ளினார். குழிக்கு மேலே கையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார். பின்னால் இருந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் மண் போட்டார்கள். சாலம்மாள் போட்டுவிட்டு, மூடியே இருந்த அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கூட்டம் குறைந்த பிறகு கதிரவன் வந்தான். அப்பாவின் காதில் என்னவோ சொன்னான். பிறகு அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். மண் விழுந்தது.

"நீயாடா பிரிச்சே?"

"ஆமாங்கப்பா." கதிரவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உடுங்கப்பா, அம்மா போகட்டும்னு சொன்னேன். உட மாட்டேன்னுட்டீங்க."

சோபனா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வெளம்பரம் ஏதாச்சும் வருதுங்களா மாமா?"

இல்லை என்று சொல்லத்தான் சவுரியப்பன் வாயைத் திறந்தார். அத்தனை நாளாக வராத அழுகை அப்போது வந்தது.