கருகக் காய்ச்சிய தார்

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் காஜா பேராங் ரோட்டுக்குத் தார் போட்டவர் எங்கள் மாமா. அது நல்ல ரோடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலில் வெடிக்கும், மழையில் பெயரும், பாரம் ஏற்றிய லோரி போனால் முறுக்கைப் போல நொறுங்கும். என்னோடு படித்த பிள்ளைகள், "ஒங்க மாமா தார் போடுறாரா, கரி பூசுறாரா?" என்று கேட்பார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவை யாராவது ஒரு சொல் சொன்னால் சண்டைக்குப் போய்விடுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிடுவேன். ரோடு எங்கள் காலடியிலேயே கிடந்தது.

மாமா அம்மாவின் தம்பி. வெள்ளைக்காரன் இருந்தபோதே ரோட்டு ஆட்களை வைத்து வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடப்பார். 'தெரியாது' என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய மனைவி, எனக்கு அத்தை, புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். கல்யாணமாகி வந்தபின் மாமாவின் கூட்டத்தில் தார் காய்ச்சுவது அத்தையின் வேலையாயிற்று. அப்பா தெங்கேராவில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். கடையை மூடிவிட்டார்கள். மாமா அவரையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். பேனா பிடித்த கையால் அப்பா கல் உடைத்தார். கொப்புளங்கள் உடைந்து காய்த்துப் போகும்வரை அம்மாதான் அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். சோறு என்று சொன்னாலும் பெரும்பாலும் மரவள்ளிக்கிழங்குதான்.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டங்களில் லோரியைக் கொண்டுவந்து நிறுத்தி ஆண்களை ஏற்றிப் போனார்கள். டவுனிலும் வேலையில்லாமல் திரிகிறவர்களை விடவில்லை. ரோட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டியவரை யாரும் தொடமாட்டார்கள். ரோட்டு ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்தில் ஆண்கள் அத்தனை பேர் கையிலும் அந்தப் பட்டை இருந்தது. எனக்கு அது ஏதோ அலங்காரமாகத்தான் தெரிந்தது.

வெள்ளைக்காரன் விட்டுப்போன தார்ப் பீப்பாய்கள் ரோட்டு ஆபிசின் பின்பக்கம் கிடந்தன. பாதியாக வெட்டிய பீப்பாயைக் கல்லின் மேல் வைத்து, கீழே ரப்பர்க் கட்டைகளைப் போட்டு எரிப்பார்கள். தார் உருகிப் பளபளவென்று வந்ததும் அத்தை தீயை இழுத்துவிடப் போவார். மாமா விடமாட்டார்.

"இன்னும் ரெண்டு கட்டை போடு" என்பார்.

வெள்ளைப் புகை மஞ்சளாகும். கண் எரியும். பக்கத்து வீட்டு ஆச்சி ஜன்னலைச் சாத்திக்கொண்டு மலாயில் எதையோ முணுமுணுப்பார். அவர் சிட்டி, பல தலைமுறைக்கு முன்பே மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட தமிழ்க் குடும்பத்துக்காரர். நெற்றியில் திருநீறு இருக்கும், தமிழ் வராது. தாரை முகர்ந்து பார்த்துவிட்டு மாமா தலையை ஆட்டிய பிறகுதான் கல்லில் கொட்டுவார்கள்.

அம்மா என் தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். ஒருநாள் குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கி வந்தவள், லயத்து முகப்பில் தார் பெயர்ந்த குழியில் கால் வைத்து விழுந்துவிட்டாள். நல்லவேளை, கணுக்கால் சுளுக்கியதோடு போயிற்று. அத்தைதான் ஓடிவந்து தூக்கினார். அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவர் அந்தக் குழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த ஓய்வுநாளில் அத்தை பீப்பாயின் அடியில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டி ஒரு சட்டியில் போட்டார். தோட்டத்திலிருந்து அவருடைய அண்ணன் கொண்டுவந்த ரப்பர் ஷீட்டைக் கத்தரிக்கோலால் மெல்லிய நாடாவாக நறுக்கினார். நானும் நறுக்கினேன். ரப்பரை வாங்க ஆளில்லாத காலம் அது; எல்லாத் தோட்டத்திலும் மக்கிக்கொண்டு கிடந்தது. சின்னத் தீயில் தாரை வைத்து, நாடாவை ஒவ்வொன்றாகப் போட்டு, வெயில் சாயும்வரை கிண்டினார். அன்று மஞ்சள் புகை வரவே இல்லை. தார் பாகு மாதிரி இழுத்தது. அதைக் கல்லோடு பிசைந்து அந்தக் குழியில் கொட்டி, மரக்கட்டையால் தட்டி மட்டமாக்கினார்.

மாமா வந்து பார்த்தார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"ஒங்க அக்கா விழுந்தது ஒங்க கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் அத்தை.

"தெரிஞ்சுது."

"வயித்துப் பிள்ளைக்காரி. மறுபடி விழுந்தா?"

மாமா கால் பெருவிரலால் அந்த இடத்தை அழுத்தினார். விரலை எடுத்ததும் பள்ளம் தானாக நிமிர்ந்துகொண்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், துக்கச் செய்தி சொல்கிறவர் போல.

மாமாவுக்குப் பொறாமை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

மழைக்காலம் வந்து போயிற்று. ரோடு முழுவதும் வழக்கம்போலப் பெயர்ந்தது. எங்கள் லயத்து முகப்பில் இருந்த அந்தப் பாய் அகலத் தார் மட்டும் அப்படியே இருந்தது. ரோட்டுக்குப் பொறுப்பான ஜப்பான் அதிகாரி ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். சொந்த ஊரிலும் ரோடு போட்டவர் என்று சொல்வார்கள். ஒருநாள் காரில் வந்தவர், எங்கள் லயத்தைத் தாண்டிப்போய் நிறுத்தி, இறங்கித் திரும்பி நடந்து வந்தார். குந்தி உட்கார்ந்து பேனாக்கத்தியால் அந்தத் தாரைக் குத்தினார். கத்தியை இழுத்தபோது தாரும் கூடவே இழுபட்டு வந்தது.

மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து இடுப்பை வளைத்து வணங்கினார். லயத்துப் பெண்களும் வெளியே வந்து தலை குனிந்து நின்றார்கள். நான் அம்மாவை ஒட்டி நின்றேன்.

அதிகாரி அரைகுறை மலாயில் கேட்டார். "இது நல்லா இருக்கு. மத்த இடம் ஏன் நல்லா இல்லை?"

அத்தைக்குப் பாராட்டு கிடைக்கப்போகிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். ரப்பர் என்பதற்கு மலாயில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் தோளைப் பிடித்தது. அந்தப் பிடி ஒரு வாரம் வலித்தது.

மாமா நிமிர்ந்து நின்று, கடைச் சாமானுக்கு விலை சொல்வது போலச் சொன்னார்.

"தண்ணி, துவான். பொம்பளைங்க குழாயடியிலேருந்து குடம் தூக்கி வர்றப்போ தினமும் இங்கதான் தளும்பும். தார் சூடாகாம இருக்கு. மத்த இடம் வெயில்ல காயுது."

அதிகாரி அவரைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். குடம் வைத்திருந்த ஒரு பெண்ணையும் பார்த்தார்.

"அப்ப எல்லா இடத்துலயும் தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

அத்தையின் பெயரையே எடுக்காமல் தண்ணீரைச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு ஒரே கோபம். அத்தையோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகிற காரைப் பார்த்தபடி நின்றார். அன்று முதல் நான் மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர் இரண்டு நாள் கழித்துத்தான் அதைக் கவனித்தார்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் மண்வெட்டிச் சத்தம். அத்தை அந்த இடத்தைக் கொத்திக்கொண்டிருந்தார். மண்வெட்டி உள்ளே இறங்காமல் எகிறி எகிறி வந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, பெயர்ந்த துண்டுகளைக் காலால் கால்வாய்க்குள் தள்ளினாள்.

"அத்தை, அது நல்லா இருக்கே" என்று அழுதேன்.

"அதாம்மா" என்றார் அத்தை.

கருகக் காய்ச்சிய தாரைக் கொண்டுவந்து அந்தக் குழியை நிரப்பினார்கள்.

பிறகு லயத்துப் பெண்களும் பிள்ளைகளும் வாளியோடு கிளம்பினோம். உச்சி வெயிலில் ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்களுக்கு நல்ல விளையாட்டு. சிட்டி ஆச்சியின் பேரப்பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஊற்ற ஊற்ற ரோடு முன்பைவிட வேகமாகப் பெயர்ந்தது. கல் தனி, தார் தனி என்று கையாலேயே பிரித்து எடுக்கலாம்.

அதிகாரி திரும்பி வந்து பார்த்தார். எங்கள் லயத்து முகப்பும் மற்ற இடத்தைப் போலவே நொறுங்கியிருந்தது. எல்லோர் முன்னாலும் மாமாவைக் கன்னத்தில் அறைந்தார். மாமாவின் தொப்பி விழுந்தது. அவர் அதை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, முன்பு பேசிய அதே குரலில் சொன்னார்.

"தண்ணி ஊத்த ஆள் பத்தலை, துவான். கல் உடைக்கவும் பத்தலை. இன்னும் ஆம்பளைங்க வேணும்."

அந்த வாரமே உஜோங் பாசிர் பக்கத்திலிருந்து புதிய ஆட்கள் எங்கள் லயத்துக்கு வந்தார்கள். வந்த அன்றே அவர்கள் கையில் துணிப்பட்டை ஏறியது. மாமாவின் கன்னத்தில் அத்தை மஞ்சள் அரைத்துத் தடவினார். நான் அப்போதும் அவரோடு பேசவில்லை.

பல வருஷம் கழித்து நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை ஆனேன். தாருக்குள் இருக்கும் எண்ணெய்தான் அதை இளக வைத்திருக்கிறது. தீ அதிகமானால் அந்த எண்ணெய் புகையாகப் போய்விடும். காற்றுப் பட்டு மீதித் தாரும் இறுகிக் கண்ணாடி போல உடையும். ரப்பர் கரைந்த தாருக்கு அந்த நோய் இல்லை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கருங்கல்லுக்கோ தாரைவிடத் தண்ணீர் மேல்தான் ஆசை. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் கல்லைப் பிடித்துக்கொண்டு தாரை உரித்துவிடும். ஒருநாள் மாணவிகளுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அன்று மாலை நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அத்தைதான் கதவைத் திறந்தார்.

"மாமா வேணும்னேதான் தாரைக் கருக விட்டாரா?"

"ரோடு நல்லா முடிஞ்சிருந்தா மறுநாளே பட்டையை அவுத்திருப்பானுங்க" என்றார் அத்தை. "ஒடனே பிச்சுக்கிட்டாலும் ஆபத்து. மூணு மாசம் தாங்கணும், ஆறு மாசம் தாங்கக் கூடாது. ஒங்க மாமா அந்தக் கணக்குலதான் கட்டை போடச் சொல்லுவாரு."

உள்ளே நாற்காலியில் இருந்த மாமா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ரெண்டு தடவ ரெண்டு மாசத்துலயே போயிடுச்சு" என்றார்.

இதெல்லாம் எனக்குத் தெரிவதற்கு வெகுகாலம் முன்பு, ஜப்பான்காரன் போன புதிதில், ஒரு மாலை, என் வகுப்புத் தோழி ஒருத்தி எங்கள் லயத்துக்கு வந்தாள். அவளுடைய அப்பாவைத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். போனவர்களில் திரும்பினவர்கள் அப்போதுதான் எலும்பும் தோலுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர் வரவில்லை. வேலை முடிந்து வந்த ஆண்கள் வரிசையாக வாசல்களில் உட்கார்ந்து கையில் ஒட்டிய தாரைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் மடியில் தம்பி இருந்தான். அவள் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஒங்க லயத்துலேருந்து யாரையுமே கூட்டிட்டுப் போகலையா?" என்று கேட்டாள்.

"இல்ல. எங்க மாமா போட்ட ரோடு ரொம்ப மோசம். அதைச் சரி பண்ணவே ஆள் பத்தலை" என்றேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.