அக்கா எரித்த ஆறு நோட்டுகள்

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. ஆராய்ச்சி நோட்டுகளை ரயிலில் தொலைத்தார், அதனால் டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை என்றுதான் உங்களுக்கெல்லாம் தெரியும். கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன். அது பொய்.

கும்பகோணத்தில் பிறந்த அக்கா, அப்பாவின் வேலையை ஒட்டி மூன்று வயதில் பம்பாய் மாதுங்காவுக்கு வந்தார். அப்பா போன பிறகு டியூஷன் எடுத்து என்னைப் படிக்கவைத்தார். சரித்திரத்தில் எம்.ஏ. முடித்து, பம்பாயில் குடியேறிய சீனர்களைப் பற்றி ஆராயத் தொடங்கினார். கப்பலேறி வந்த ஆண்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், அவர்களை மணந்த நம் பெண்கள் எந்த நாட்டுப் பிரஜை என்று யாரும் கேட்கவில்லையே என்பார். மஜ்காவிலும் தாராவியிலும் படியேறி இறங்கி, அந்தப் பெண்களின் பெயர், விலாசம், குடும்பக் கதை எல்லாவற்றையும் ஆறு நோட்டுகளில் எழுதினார்.

சீனாவோடு சண்டை வந்தது. சீனக் குடும்பங்களைப் பிடித்துப் போவதாகப் பேச்சு. ஒரு மாலை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். நோட்டுகளை எடுத்துவைக்கும்படியும், மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாகவும் மரியாதையாகவே சொல்லிப் போனார். எனக்கு அப்போதுதான் சர்க்கார் வேலை கிடைத்திருந்தது. அது போய்விடுமோ என்று பயம்.

“கொடுத்துடேன் அக்கா. நமக்கேன் வம்பு?”

“அவா என்னை நம்பிச் சொன்னதுடா.”

விடிந்ததும் நோட்டுகளைக் கிழித்துக் குளியலறை பாய்லரில் போட்டார். “தண்ணி காஞ்சுடுத்து. குளிச்சுட்டு ஆபீஸ் கிளம்பு” என்றார். அந்த வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் போனேன்.

அதிகாரியிடம் சொன்ன ரயில் கதையையே பேராசிரியரிடமும் சொன்னார். அவர் கைவிரித்துவிட்டார். பள்ளிக்கூட டீச்சராகவே அக்காவின் காலம் முடிந்தது. என் வேலைக்காகக் கடைசிவரை வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இன்று வேலை போனாலும் போகட்டும்.

அக்கா போன பதின்மூன்றாம் நாள், தாராவியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். திருநெல்வேலிக்காரர். கணவர் செருப்புத் தைக்கும் சீனர்.

“அவிய எங்க பேர யாருகிட்டயும் சொல்லல சார். அதான் எம் புள்ளைகளுக்கு அப்பன் வீட்டுல இருக்காரு.” கொஞ்சம் தயங்கினார். “அந்த நோட்டு இருக்கா? எம் பேர எழுதுனாவள்லா, ஒருக்கா பாக்கணும்.”

இல்லை என்று சொல்லத்தான் முடிந்தது.

அக்காவை நோயில் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், ரத்தம் கொடுத்த நண்பர்களுக்கும், இரண்டு மாதம் கஞ்சி கொண்டுவந்த மாடி வீட்டு மாமிக்கும் எங்கள் நன்றி. தாராவி அம்மாளுக்கும் நன்றி. அவர் பெயரையாவது இங்கே அச்சிடலாம் என்று நினைத்தேன். அக்கா சம்மதிக்க மாட்டார்.