கொடிக்குக் கீழே கற்பூரம்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அறுபதுகளின் கடைசி. வேலை தற்காலிகம்தான். ஆய்வாளர் அம்மா என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, சரி என்று எழுதினால்தான் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி வீட்டில் உட்கார்ந்து அம்மாவோடு சண்டை போட வேண்டியதுதான். சண்டைக்குப் பயந்தவளில்லை நான். ஆனால் அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எனக்கு வாய்த்த பாடம், கலவையைப் பிரிப்பது. மணல், உப்பு, இரும்புத்தூள், கற்பூரம் நான்கையும் கலந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மணலுக்குப் பஞ்சமில்லை. உப்பு, கேளம்பாக்கம் பக்கமிருந்து வண்டியில் வருகிற கல்லுப்பு. இரும்புத்தூளை ரயில்வே பட்டறையில் வேலை செய்த பக்கத்து வீட்டு அண்ணன் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கற்பூரத்துக்குத்தான் கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. ஞாயிறு தவறாமல் நாங்கள் சர்ச்சுக்குப் போவது கடைக்காரருக்குத் தெரியும்.

"இன்னா டீச்சர், கட்சி மாறிட்டீங்களா?"

"பாடத்துக்குங்க."

"அப்டித்தான் ஆரம்பிக்கும்" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. நான் வாசலைத் தாண்டுவதற்குள் குறுக்கே வந்து நின்றாள்.

"இது எதுக்குடி நம்ம வீட்டுல?"

"இது வெறும் கெமிக்கல்மா."

"கெமிக்கலோ என்னவோ, வெளிய வை. திடீர்னு போதகர் வந்தா நான் என்னன்னு சொல்றது?"

எனக்கு மூக்குக்குமேல் கோபம். அன்று வெள்ளிக்கிழமை. திங்களன்று ஆய்வாளர் அம்மா வரும்போது நேரம் மிச்சமாகட்டும் என்று கொல்லையிலேயே உட்கார்ந்து, கற்பூரத்தை நுணுக்கி, மற்ற மூன்றோடும் கலந்து, அகலமான தட்டில் பரப்பினேன். மூங்கில் கூடையால் மூடித் துவைக்கிற கல்லின்மேல் வைத்தேன். மேலே கொடியில், ஞாயிறு ஆராதனைக்கான அம்மாவின் வெள்ளைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. தட்டு அங்கேயே கிடந்தது.

ஞாயிறன்று சர்ச்சில் முன்வரிசையிலிருந்த போதகரின் மனைவி எங்களை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை முகர்ந்தே பார்த்தார். அம்மாவின் புடவையிலிருந்து கமகமவென்று கற்பூர வாசனை. அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நான் வலியில் பாட்டை உரக்கப் பாடினேன்.

திங்கட்கிழமை ஆய்வாளர் அம்மா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். காந்தத்தைக் காட்டியதும் இரும்புத்தூள் சொன்ன பேச்சு கேட்டது. அடுத்தது கற்பூரம். மீதியைச் சூடாக்கி, மேலே புனலைக் கவிழ்த்து, "இப்ப பாருங்க, உள்பக்கம் வெள்ளையா படியும்" என்றேன். நாற்பது பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் படியவில்லை. தீயைக் கூட்டினேன். உப்புதான் படபடவென்று வெடித்தது. ஆய்வாளர் அம்மா பேனாவைத் திறந்தார்.

மேசையில் சாய்ந்தபோது தொடையில் கிள்ளுப்பட்ட இடம் வலித்தது. உடனே விளங்கிவிட்டது.

"கற்பூரம் இந்தத் தட்டுல இல்ல. நேத்தே எங்க அம்மா புடவையில ஏறி சர்ச்சுக்குப் போயிடுச்சு" என்றேன். கடைக்காரரிலிருந்து கிள்ளு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

மூன்றாம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "அப்ப அடுப்பே வேணாமா டீச்சர்? வெயிலே பிரிச்சிடுமா?"

"ஆமாம்மா. ஐஸ் மாதிரி உருகாமலே, திடப்பொருள் நேரா வாயுவா மாறிடுச்சு. அடுப்பு வச்சா சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான்."

ஆய்வாளர் அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தட்டு ஆறியதும் தண்ணீர் ஊற்றி, உப்பைக் கரைத்து, மணலை வடிகட்டி, தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுத்துக் காட்டினேன். மணி அடித்தும் ஒரு பெண்ணும் எழுந்திருக்கவில்லை.

இரண்டு வாரத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்து, "ஸ்தோத்திரம்" என்றாள். கிள்ளியதற்கு வருத்தம் தெரிவிக்கவில்லை.

மறுவருஷம் அதே பாடம் வந்தது. கற்பூரப் பொட்டலத்தோடு நான் நேராகக் கொல்லைப்பக்கம் நடந்தேன்.

"அங்க எங்கடி போற? கொடியில என் புடவை இருக்கு."

பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு அம்மா உள்ளே போனாள். சாயந்திரம் அடுக்களை அலமாரியில், மிளகுக்கும் சீரகத்துக்கும் நடுவில், மூடி இறுக்கிய ஊறுகாய் பாட்டிலுக்குள் கற்பூரம் இருந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் அம்மா பென்சிலால் எழுதியிருந்தாள்: 'பள்ளிக்கூடத்துக்கு மட்டும்.'