மேப்பில் ஏறாத வண்டிப்பாதை

இன்னைக்குக் காலைல சித்தையன்கோட்டை டீக்கடை பெஞ்சுல, அறுபதுகள்ல சர்வே பண்ணி அச்சடிச்ச மேப்ப விரிச்சு, காணாமப் போன குளங்களத் தேடிக்கிட்டு இருந்தேன். ஞாயித்துக்கிழமையானா எனக்கு இதான் வேலை.

பக்கத்துல ஒரு விவசாயி. எழுபது வயசிருக்கும்.

"தம்பி, நாலுவழி ரோட்டுக்கு அளக்குறீகளா?"

"இல்லங்கய்யா, சும்மா ஊர் சுத்தத்தான்."

அவர் நம்பல. ஆனா மேப்பு அறுபது வருசப் பழசுன்னதும் கிட்ட நகந்து உக்காந்தாரு.

"அப்ப எங்க தோட்டத்து வண்டிப்பாதை இதுல இருக்கும்ல? பாகம் பிரிச்சதுலருந்து சித்தப்பா மகன் கம்பி போட்டு அடைச்சுட்டான். அப்படி ஒரு பாதையே கெடையாதுன்னு சாதிக்கிறான். கேசு நடக்குது."

வாய்க்கால வச்சுத் தோட்டத்தக் கண்டுபிடிச்சுட்டேன். பக்கத்துக் கோயில்கூட இருந்துச்சு. வண்டிப்பாதைக்குப் போடுற புள்ளிக்கோட்ட மட்டும் காணோம்.

"நல்லாப் பாருங்க தம்பி."

நல்லாத்தான் பாத்தேன். இல்ல.

அவரு தலைல கைய வச்சுக்கிட்டாரு.

"மேப்புல ஏறிட்டா சர்க்கார் ரோடாக்கிருவாக, நெலம் போயிரும்னு எங்கய்யாவுக்குப் பயம். அளக்க வந்த அன்னிக்கு நடுப்பாதையில முள்ள வெட்டிப் போட்டு, இங்கிட்டுப் பாதையே கெடையாதுன்னு சொல்லி அனுப்பிட்டாராம். வீட்ல பெருமையாச் சொல்லுவாரு."

டீய ஒரு மடக்குக் குடிச்சாரு.

"அதையேதான் இப்ப அவனும் சொல்றான்."

மேப்பு பொய் சொல்லாதுன்னு இங்க பக்கம் பக்கமா எழுதுன ஆளு நான்தான்.

உங்க வீட்டுப் பெரியவங்க சர்வேக்காரங்ககிட்ட என்னத்த மறைச்சாங்கன்னு கேட்டு கமெண்ட்ல போடுங்க. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கேட்டுக்கிட்டா நல்லது.