பாறை மேல் ஒரு பெரட்டு

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் முன்பள்ளி ஆசிரியை. போன வருஷம் மாதர் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மலை ஊற்றிலிருந்து எங்கள் வீட்டு வரிசைகளான லயங்களுக்குத் தண்ணீர் வரும் கால்வாய் அப்போது மண் சரிந்து மூடிக் கிடந்தது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்த பெண்கள் சாயந்திரம் குடத்தோடு பள்ளத்து ஓடைக்கு இறங்கி ஏறினார்கள்.

கூட்டம் போட்டேன். கோயில் ஒலிபெருக்கியில், யார் எந்தப் பக்கம் வெட்டவேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்தது நானும் என் நாத்தனாரும் மட்டும்.

"நீங்க பேசுனது பெரட்டு மாதிரியே இருந்துச்சு அண்ணி," என்றாள் அவள். "தெனமும் விடியக்காலையில வரிசையில நின்னு, யாருக்கு எந்த மலைன்னு கேட்டுட்டுத்தான் வேலைக்குப் போறோம். ஞாயித்துக்கெழமையும் அதையே கேக்கணுமா?"

சுருக்கென்றது. மறுநாளிலிருந்து பள்ளி முடிந்ததும் வீடு வீடாகப் போனேன். கால்வாய்ப் பேச்சை எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்து பேசினேன்.

மேல் லயத்தின் கடைசி வீட்டு அக்காவிடம் போகத்தான் தயக்கம். சிரித்துப் பார்த்ததில்லை. தண்ணீருக்காகக் கீழ் லயத்துப் பெண்களோடு சண்டை போட்டவர். அவர் அசையாமல் மேல் லயம் அசையாது. வாசலை நெருங்கும்போது உள்ளே கண்டாக்கையாவின் அதட்டல் கேட்டது. மலையில் வேலை பார்வையிடுகிற அவருக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று எட்டிப் பார்த்தேன். அக்காதான்! குடையைக் கக்கத்தில் இடுக்கி, வயிற்றைத் தள்ளி, அவரைப் போலவே அதட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். கட்டிலில் அவருடைய மாமியார் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தார்.

"ஐயோ டீச்சர், வெளியில சொல்லிறாதீங்க!"

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சிரித்து. பால் சேர்க்காத சாயத் தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஓடையிலிருந்து குடத்தோடு ஏறும்போது மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்ததை அன்றுதான் சொன்னார். ஒரே தோட்டத்தில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அவருடைய கோபம் கீழ் லயத்தின் மேல் இல்லை, அந்தச் சரிவின் மேல் என்று புரிந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழமை நீங்க பெரட்டுக் கூப்பிடுங்கக்கா. ஐயா மாதிரியே," என்றேன்.

"வெளையாடுறீங்களா?"

"ஆமாக்கா. வெளையாட்டுத்தான்."

அக்கா பெரட்டுக் கூப்பிடப் போகிறார் என்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. ஞாயிறன்று இரண்டு லயமும் ஊற்றடியில் நின்றது. அக்கா குடையைக் கக்கத்தில் இடுக்கிப் பாறை மேல் ஏறி, ஆம்பளைகளை வரிசையில் நிறுத்தினார். "நேத்து அந்தியில கேரம் அடிச்சதெல்லாம் முன்னுக்கு வா! என்னா மண்வெட்டி அது, பல்லுக்குத்துறதா?" மலை முழுக்கச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே வெட்டினார்கள். முகம் பார்க்காமல் இருந்த பெண்கள் மண் கூடையைக் கைமாற்றினார்கள்.

அப்போதுதான் நிஜக் கண்டாக்கையா மேல்பாதையில் வந்து நின்றார். எல்லா மண்வெட்டியும் நின்றது. அக்கா மட்டும் கக்கத்திலிருந்து குடையை எடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவ்வளவு லேட்டா வந்தா அரைப்பேருதான், அரைநாள் சம்பளந்தான்!" என்றார்.

கண்டாக்கையா அக்காவை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "நான் இவ்வளவு மோசமாவா நடக்குறேன்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். ஸ்டோரில் சும்மா கிடந்த குழாய்களை மத்தியானம் ஆள் வைத்து அனுப்பினார்.

மேல் லயத்துக்குத் தண்ணீர் நன்றாக வருகிறது. கீழ் லயத்துக்கு வெயில் காலத்தில் இன்னும் நூல் மாதிரிதான். அதற்கு ஒரு தொட்டி கட்ட வேண்டும். அதைப் பேசக் கூடிய போன கூட்டத்தில் பாய் போதாமல் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த வருஷம் அக்காதான் தலைவி.