நான்கு சுவருக்குள் கேட்ட அழுகை

ஆல்டித்தின் அப்பா நடப்பதை வென்ஸ்டோ ஊரில் பார்க்காதவர் கிடையாது. இரண்டு குதிகாலையும் ஊன்றி, நிறைகுடம் சுமப்பவரைப்போல அசைந்து அசைந்து வருவார். காட்டில் ஒரு ஓக் கிளையை வெட்டினார் என்று கிறிஸ்துமஸ் கழிந்த கடும்பனியில் அவரைத் தொழுமரத்தில், கால்களைப் பூட்டும் துளைப்பலகையில், மாட்டி வைத்திருந்தார்கள். அவிழ்த்துவிட்டபோது கால்விரல்கள் கறுத்துப்போயிருந்தன. மாட்டச் சொன்னவர் ரெய்னர். ஊருக்கு உடையவளான இடோனியா அப்போது தகப்பனை இழந்த சிறுமி. அவள் பெரியவளாகும்வரை நிலத்தைப் பார்த்துக்கொள்ள வந்த சித்தப்பா அவர்.

இடோனியா ஹேமலின் பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் ரெய்னர் ஆற்றுக்கு அக்கரை போனார். ஹேமலின், அப்போது நாட்டை ஆண்ட நார்மன் இனத்தில் ஒரு பெரிய குடும்பத்தின் நான்காவது மகன். பேருக்குக் குறைவில்லை, காலடி மண்கூடச் சொந்தமில்லை. அண்ணன் வீட்டு மேசையின் கடைக்கோடியில் உட்கார்ந்து தின்று வளர்ந்தவர். முன்கோபக்காரர். ஆனால் தொழுமரத்தைப் பிடுங்கிச் சமையல்கட்டு அடுப்பில் போடச் சொன்னதும் அவர்தான். அது எரிந்த அன்று ஆல்டித்தின் அப்பா அடுப்புக்கு எதிரே வந்து உட்கார்ந்து, கால்களை நீட்டி, கடைசிக் கங்கு அணையும்வரை குளிர்காய்ந்தார்.

ஆல்டித்தின் புருஷன் விமண்ட் மாளிகையின் வாயிற்காவலன். யார் வந்தாலும் கதவைத் திறப்பதும் சாத்துவதும் அவன் வேலை. கொஞ்சம் சொந்த நிலம் உண்டு, யாருக்கும் அடிமையில்லை, அதனால் நீதிமன்றத்தில் அவன் சொல் செல்லும். இடோனியா உண்டானபோது ஆல்டித்தைப் பால் கொடுக்கக் கூப்பிட்டார்கள். அவளுக்கு எடிவா பிறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. வலி கண்ட காலையில் அவள் மகளை மடியில் போட்டுக்கொண்டு பிரசவ அறையின் மூலையில் காத்திருந்தாள். கதவுக்கு வெளியே பிரபுவும், காரியஸ்தர் ஆஸ்பர்ட்டும், விமண்டும் நின்றார்கள். ஆண்கள் உள்ளே வரக்கூடாது. காது மட்டும் வரலாம்.

காது வந்ததற்குக் காரணம் இருந்தது. பெண்டாட்டி செத்துப்போனால் அவள் நிலம் அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். அவள் வயிற்றில் ஒரு பிள்ளை உயிரோடு பிறந்து, அதன் அழுகை நான்கு சுவருக்குள் கேட்டிருந்தால் மட்டும், அந்தப் பிள்ளை மறுகணமே செத்தாலும், புருஷன் தன் ஆயுசுவரை அந்த நிலத்தை ஆளலாம். இடோனியாவின் உடம்பு தாங்காது என்று மருத்துவச்சி குன்னில்ட் முன்பே சொல்லியிருந்தாள். பிள்ளை அழாமல் தாய் போனால் ரெய்னர் திரும்பி வருவார்.

பிள்ளை நீலமாகப் பிறந்தது. ஆண். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. குன்னில்ட் கொடியை அறுத்தாள், தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், ஒயினைத் தொட்டு உதட்டில் வைத்தாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். அது அசையவில்லை. கட்டிலிலிருந்து ரத்தம் வைக்கோலில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் அழல?" என்றாள் இடோனியா. தலையைத் தூக்க அவளால் முடியவில்லை. "குன்னில்ட், ஏன் இன்னும் அழல?"

"அழும்மா, அழும். ஆம்பளப் பிள்ளைக்கு எப்பவுமே திமிரு ஜாஸ்தி."

"பொய் சொல்ற."

ஆல்டித் நிலத்தை நினைக்கவில்லை. ரெய்னரையும் நினைக்கவில்லை. கட்டிலில் கிடந்தவளின் முகத்தை மட்டும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எடிவாவின் தொடையை நறுக்கென்று கிள்ளினாள்.

எடிவா வீறிட்டாள். இடோனியாவின் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. "அப்பப்பா, என்ன தொண்டை!" என்றாள். அழுகை ஓய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

கதவுக்கு வெளியே ஹேமலின் குரல் உயர்ந்தது: "ஆஸ்பர்ட், கேட்டீருல்ல? விமண்ட், கேட்டியா?" பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று அவர் அதற்கப்புறம்தான் கேட்டார். தெரிந்ததும் கதவுநிலையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். இரண்டுமே அவர்தான்.

குன்னில்ட் ஆல்டித்தைப் பார்த்தாள். பிறகு செத்த பிள்ளையின் தலையில் தண்ணீர் தெளித்து, "ஞானஸ்நானம் குடுத்தாச்சு. கொஞ்ச நேரம் இருந்துச்சு, போயிருச்சு," என்று கதவைப் பார்த்து உரக்கச் சொன்னாள். பிள்ளையைத் தாயோடு சேர்த்துக் கோவில் மண்ணில் அடக்கம் செய்தார்கள். கோடைக்கு முன்பே குன்னில்ட் காய்ச்சலில் செத்துப்போனாள். அதற்குப்பின் அந்த அறையில் நடந்தது ஆல்டித் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

ரெய்னர் வழக்குப் போட்டார். கோடையில் மன்னரின் நீதிபதிகள் ஷ்ரூஸ்பரி நகரத்துக்கு வந்தார்கள். பெண்கள் சாட்சி சொல்ல முடியாது. வாசலில் நின்ற ஆண்கள் நற்செய்தி நூலின்மேல் கைவைத்துச் சொல்ல வேண்டும். ஆஸ்பர்ட்டும் விமண்டும்.

அந்த நூலின்மேல் கைவைத்துப் பொய் சொல்பவனுக்கு மீட்பில்லை. தெரியாமல் சொன்ன பொய்க்கும் அப்படித்தானா? ஆல்டித் யாரிடம் போய்க் கேட்பாள்? கேட்டாலே தெரிந்துவிடும். புருஷனிடம் சொன்னால் அவன் சத்தியம் செய்ய மாட்டான். ரெய்னர் வந்து முதல் வேலையாகப் புதுத் தொழுமரம் நடுவார். சொல்லாவிட்டால், தன் கையாலேயே அவனை நரகத்துக்கு அனுப்பியவளாவாள்.

பால்குடிப் பிள்ளையைச் சாக்காக வைத்து அவளும் வண்டியில் கிளம்பினாள். மேட்டில் மாடுகளுக்குச் சிரமமாக இருக்கும் என்று ஆண்கள் இறங்கி நடந்த இடத்தில் அவளும் இறங்கி அவன் பக்கம் போனாள்.

"என்னய்யா, உங்கிட்ட ஒண்ணு..."

"ஏறி உக்காரு புள்ள. சேத்துல வழுக்கிரும்."

படகுத்துறையில் மறுபடி ஆரம்பித்தாள். "அன்னிக்கு அந்த ரூமுக்குள்ள..."

"வாயை மூடிக்கிட்டு வா. காத்து உள்ள போகும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பர்ட் சிரித்தார். "என்னடா விமண்ட், கதவு சாத்துற மாதிரி பொண்டாட்டி வாயைச் சாத்துறே?"

"உங்க வீட்டுல அது திறந்தே கிடக்குன்னு கேள்விப்பட்டேன் ஐயா," என்றான் விமண்ட். படகுக்காரன் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தான். ஆல்டித்துக்கு அழுகை வந்தது.

கோட்டை மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஆல்டித் பின்சுவர் ஓரமாக நின்றாள். எடிவாவுக்குப் பல் முளைக்கிற நேரம், காலையிலிருந்து சிணுங்கல். ஆஸ்பர்ட் கேட்டதாகச் சத்தியம் செய்து இறங்கினார். விமண்ட் போய்ப் புத்தகத்தின்மேல் வலது கையை வைத்தான். ரெய்னருக்காகப் பேச வந்தவர் மெலிந்த மனிதர், நிதானமாகக் கேட்டார்.

"அந்த அறையில வேற குழந்தை இருந்துச்சா?"

"இருந்துச்சு ஐயா. பால் குடுக்க வந்தவளோட குழந்தை."

"யாரு பால் குடுக்க வந்தது?"

"என் பொண்டாட்டி."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் ரெய்னர் காலைத் தூக்கிக் கால்மேல் போட்டார்.

"அப்ப நீ கேட்டது உன் குழந்தை அழுத சத்தமா இருக்கலாமே?"

"ராத்திரி எந்திரிச்சுத் தாலாட்டுறது அவன் இல்லையே, அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, நீதிபதி மேசையைத் தட்டினார்.

அப்போதுதான் எடிவா உடம்பை முறுக்கினாள். ஆல்டித் அவசரமாக மார்பில் வைத்தாள். குழந்தை ஈறு வலியில் கடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆல்டித் அதன் வாயைத் தன் தோளில் அழுத்தினாள். அழுத்த அழுத்தத் திமிறியது. பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி வீறிட்டது. எடிவாவின் அழுகை மற்றக் குழந்தைகளின் அழுகைபோல இருக்காது. நீளமாக ஏறும், நடுவில் ஒரு விக்கல் விழுந்து உடையும், மறுபடி ஏறும். ஒருதரம் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆஸ்பர்ட் தரையைப் பார்த்தார். ஹேமலின் பிரபுவின் கை பெல்ட்டை இறுகப் பிடித்தது.

எல்லாரும் திரும்பி ஆல்டித்தைப் பார்த்தார்கள். விமண்டும் பார்த்தான். இந்தப் பயணத்தில் முதல்தடவையாக நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இல்லை.

"அதோ அழுவுறாளே, அவதான் என் பொண்ணு," என்றான். "அன்னிக்கு நான் கேட்டது இந்தச் சத்தம் இல்ல. அது வேற பிள்ளை."

புத்தகத்திலிருந்து கையை அவன் மெதுவாக எடுத்தான்.

நிலம் ஹேமலினிடமே நின்றது. வெளியே முற்றத்தில் பிரபு அவனைத் தேடி வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். விமண்ட் ஒதுங்கி நின்று, அவருக்காகக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான். இடது கையால்.

திரும்பும் வழியில், மேட்டில், ஆல்டித் கேட்டாள். "உனக்குத் தெரியுமா?"

"நடுவுல விக்குதே. கதவு எவ்வளவு மொத்தமா இருந்தா என்ன?"

"அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்கேதான்."

"அப்புறம் ஏன்யா? நான் சொல்ல வந்தப்பவாவது..."

"நீ சொல்லியிருந்தா ரெண்டு பேரு பாவம் ஆயிருக்கும். இப்ப ஒருத்தனோடது." சேற்றில் சறுக்கிய அவளை இடது கையால் தாங்கினான். "உங்கப்பா நடக்குறதை நானும் தினம் பாக்குறேன் புள்ள."

அதற்குப்பின் அவர்கள் அதைப் பேசவே இல்லை. எடிவா வளர்ந்தாள், ஷ்ரூஸ்பரியில் ஒரு தோல் வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆல்டித்தின் அப்பா குளிர்காய்ந்தபடியே ஒரு மாசி மாதம் செத்தார். விமண்ட் கதவைத் திறந்தது, ரொட்டியைப் பிட்டது, மகளின் தலையைத் தொட்டது எல்லாம் இடது கையால்தான். ஊரில் அவனை நொண்டிக்கையன் என்றார்கள். அவன் சிரித்துக்கொள்வான்.

ஹேமலின் பிரபு நரைத்துக் குனிந்த காலத்தில் விமண்டுக்கு நெஞ்சில் சளி கட்டியது. சாகுமுன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் வந்தார். ஆல்டித்தை வெளியே போகச் சொன்னார். அவள் கதவுக்கு இந்தப் பக்கம், பலகையில் காதை வைத்து நின்றாள்.

சாமியார் கேட்டுக்கொண்டே போனார். விமண்ட் இருமலுக்கு நடுவே சின்னச் சின்னதாகச் சொன்னான். யாரோ வழிப்போக்கனை மழையில் உள்ளே விடாதது, படகுக்காரனோடு சண்டை போட்டது.

"வேற ஏதாச்சும் இருக்கா மகனே? பயப்படாம சொல்லு."

உள்ளே இருமல் மட்டும் கேட்டது. சொல்லிவிடு என்று ஆல்டித் மனசுக்குள் கெஞ்சினாள். சொல்லாதே என்றும் கெஞ்சினாள்.

"வேற ஒண்ணும் இல்ல சாமி."

சாமியார் எண்ணெய் பூசிவிட்டுப் போனார். ஆல்டித் உள்ளே வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். போர்வைக்குள் அவன் ஒளித்து வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தாள். அது சில்லிடும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறமும் விடவில்லை.